பெரியநாயகிக்குத் தீ மூட்டிய வைரவன் அண்ணன்

வைரவன் அண்ணன் காலமான செய்தி என்னை வந்தடைந்தபோது என் மீசையில் ஒரு பாதிதான் ஒழுங்காக இருந்தது. சிராங்கூன் சாலைச் சந்து ஒன்றில், சவரக் கடை நாற்காலியில், முகத்தில் நுரையோடு சாய்ந்திருந்தேன். நாவிதர் வலப்பக்கத்தைச் செதுக்கி முடித்து இடப்பக்கத்துக்கு வரும் நேரத்தில் வாசலில் காசிம் பாய் வந்து நின்றார். காசிம் பாய் எங்கள் பொம்பா நிலையத்தில், அதாவது தீயணைப்பு நிலையத்தில், குதிரை ஓட்டியவர். அவர் இங்கே தேக்காவில் அதட்டினால் கடலுக்கு அப்பால் ஜோகூரில் உள்ள குதிரை காதை நிமிர்த்தும். அப்படிப்பட்டவர் அன்று குரலே இல்லாமல் நின்றார்.

"ராசு, எழுந்திரு. வைரம் போயிட்டாரு."

எழுந்தேன். நாவிதர் கத்தியைப் பிடித்தபடி, "அண்ணே, இன்னொரு பக்கம்?" என்றார். இன்னொரு பக்கத்தைப் பற்றி யோசிக்கும் நிலையில் நான் இல்லை. துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு பாயின் பின்னால் நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

வைரவன் அண்ணனை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீயை அணைப்பதற்காகவே கட்டப்பட்ட நிலையத்தில், தீ மூட்டுவதற்காகச் சம்பளம் வாங்கியவர் அவர். இந்த உலகத்தில் அப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே பலருக்குத் தெரியாது. இருந்தது. அதை அவரைவிடச் சிறப்பாகப் பார்த்தவர் இந்தத் தீவில் இல்லை. மற்றத் தீவுகளையும் விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் நிலையம் கால்வாய்க்கரையில் இருக்கிறது. நானும் அவரும் சேர்ந்த காலத்தில் அது ஒரு கொட்டகை, ஒரு மணி, ஒரு கைப்பம்பு வண்டி, அவ்வளவுதான். அந்தப் பம்பின் இரண்டு பக்கமும் நீளமான தடி இருக்கும். இந்தப் பக்கத்து ஆட்கள் அழுத்தினால் அந்தப் பக்கத்து ஆட்கள் எழும்ப வேண்டும். அவர்கள் அழுத்தினால் நாங்கள். அப்படி அழுத்தி அழுத்தி எங்கள் கைகள் முழங்காலுக்குக் கீழே நீண்டுவிட்டன. சட்டை தைக்கப் போனால் தையற்காரர் கூடுதல் துணி கேட்பார். தண்ணீர் என்னவோ ஆள் உயரத்துக்குத்தான் போகும். வண்டியை நாங்களே இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்பதால், போய்ச் சேரும்போது பெரும்பாலும் தீ தன் வேலையை முடித்திருக்கும். வீட்டுக்காரர்கள் எங்களைக் கோபித்ததில்லை. சாம்பலின் நடுவே நின்று எங்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பியவர்களும் உண்டு.

அந்தத் தடியில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் வைரவன் அண்ணன். அவர் எழும்பும்போது நான் தாழ்வேன், நான் எழும்பும்போது அவர் தாழ்வார். ஒரு மனிதரின் உச்சந்தலையை மட்டும் பார்த்தே நான் அவரோடு பழகினேன்.

பிறகு நீராவி எஞ்சின் கப்பலில் வந்து இறங்கியது. சிவப்புச் சாயம், பெரிய சக்கரங்கள், பின்னால் செம்புத் தலைப்பாகை கட்டியதுபோல் ஒரு கொதிகலன், அதன்மேல் புகைபோக்கி. அந்தச் செம்பில் வெயில் பட்டபோது, கலங்கரை விளக்கம் என்று எண்ணிக் கப்பல்கள் கால்வாய்க்குள் நுழையப் பார்த்தன என்று நான் அன்றைக்கே சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. வண்டிக்குப் பெரியநாயகி என்று பெயர் வைத்தவர் வைரவன் அண்ணன். அதன் பலகையில் வேறு என்னவோ எழுதியிருந்தது. அதைச் சொல்லி நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை.

பெரியநாயகியை இழுக்க இரண்டு குதிரைகள். ஓட்டக் காசிம் பாய். ஆனால் கொதிகலனில் ஆவி ஏறினால்தான் பம்பு ஓடும். தீ மூட்டினால்தான் ஆவி ஏறும். மணி அடித்தவுடன் தீ வைத்து, குதிரைகள் ஓடுகிற ஓட்டத்திலேயே அதை வளர்த்து, போய்ச் சேருவதற்குள் ஆவியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் சூப்பரிண்டெண்டு துரை அறிவித்தார். ஒவ்வொருவராக முயன்றோம். என் முறை வந்தபோது வண்டியைத் தவிர மற்ற எல்லாம் புகைந்தது. வைரவன் அண்ணன் கோவில் அன்னதானத்தில் கோட்டை அடுப்பு பார்த்த கை. குனிந்தார், சில சிராய்களை அடுக்கினார், ஒரு குச்சியைக் கிழித்தார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஊதுங்கண்ணே!" என்று நான் கத்தினேன்.

"ஊதக் கூடாது தம்பி. அடியில சின்னது, நடுவுல காத்து, மேல பெருசு. அப்புறம் விட்டுடணும். நெருப்ப அவசரப்படுத்தாத. அவசரம் நம்மளோடது, அதுக்கு அது தெரியாது."

சொல்லி முடிப்பதற்குள் பற்றிக்கொண்டது. அன்றிலிருந்து அவர்தான்.

வண்டியின் பின்படியில், கொதிகலனை அணைத்தாற்போல் நின்றுகொண்டு அவர் வருவார். குழாய்க்காரனாகிய நான் பக்கவாட்டில் தொங்குவேன். ஆவி ஏறியதும் ஊதல் ஒன்றை இழுப்பார். அந்தச் சத்தத்தில் தோட்டக்காரர்களின் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டதாகப் புகார் வந்தது, வந்திருக்க வேண்டும். அவருக்கும் காசிம் பாய்க்கும் இதில் ஓயாத போட்டி. வண்டி போய் நிற்பது முந்தியா, ஊதல் முந்தியா? தோற்றவர் தேத்தண்ணீர் வாங்க வேண்டும்.

"ஓய் வைரம், நான் வந்து சேர்ந்துட்டேன், உன் கெட்டிலு இன்னும் சூடாகலையே!"

"நீங்க குதிரையப் பாருங்க பாய். கொழுக்கட்டைய நான் வேகவச்சுக்கிறேன்."

பெரும்பாலும் பாய்தான் தேத்தண்ணீர் வாங்கினார். வாங்கும்போதெல்லாம் குதிரைகளைத் திட்டினார்.

இப்படிப் பல வருடம் போனது. நிலையத்துக்கு ஓட்டுக்கூரை வந்தது, குழாய் உலர்த்தக் கோபுரம் வந்தது, பின்கட்டில் ஆட்களுக்கு அறைகள் வந்தன. அதில் ஒன்றில் அண்ணனும் செல்லம்மா அண்ணியும் குடியிருந்தார்கள். அண்ணியின் அடுப்பை மட்டும் அண்ணன் தொடக் கூடாது. "நிலையத்துல நீங்க ராசா. இங்க நான் மூட்டுறேன்" என்று அண்ணி சொல்லிவிட்டார்.

அப்புறம் மோட்டார் வந்தது. குதிரை இல்லை, கரி இல்லை, அடுப்பு இல்லை. ஒரு பிடியைச் சுற்றினால் உறுமிக்கொண்டு கிளம்பும். சில நாள் உறுமாமலும் இருக்கும். நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். அது வந்த வாரத்தில் துரை எங்களை வரிசையில் நிற்கவைத்து மலாய் மொழியில் ஏதோ சொன்னார். பாய் தமிழில் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

"மோட்டார் வெளிய போயிருக்கிற நேரத்துக்குன்னு பெரியநாயகிய வச்சுக்குவாங்களாம். ஆனா ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஆவியில்லாம போய் நின்னா அன்னைக்கே வண்டிய வித்துடுவாங்க. அதுக்கப்புறம்..."

"சொல்லுங்க பாய்."

"உனக்கு வேலை இல்ல வைரம். அறையும் இல்ல."

துரையைக் குற்றம் சொல்வதற்கில்லை. இரண்டு குதிரைக்குத் தீனி போட்டுச் சும்மா வைத்திருக்க எந்த நிலையத்தாலும் முடியாது. அண்ணன் கந்தைத் துணியை எடுத்துக்கொண்டு போய்ச் செம்பைத் துடைக்க ஆரம்பித்தார். அன்றுமுதல் கொதிகலன் அடுப்பில் எந்நேரமும் சிராயும் தேங்காய் மட்டையும் அடுக்கித் தயாராக இருக்கும். மணி அடித்தால் ஒரு குச்சிதான் பாக்கி. மோட்டார் வெளியே போயிருந்த நாளிலெல்லாம் பெரியநாயகி போனாள், ஊதலோடு போய் நின்றாள். துரை தன் கடிகாரத்தைப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்.

இனி அந்த ஆயுத பூசையைச் சொல்ல வேண்டும். இதைப் பற்றித் தேக்காவில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு கூடவே போனவன் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் வழக்கம் தெரிந்தவர்கள் பாதியைக் கழித்துக்கொண்டு படிப்பார்கள். இந்தப் பகுதியில் கழிக்க வேண்டாம்.

ஆயுத பூசைக்குத் துரை எங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தார். கோடாரி, ஏணி, தொப்பி, குழாய் முனை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தோம். பெரியநாயகிக்கு ஆள் உயர மாலை. அண்ணன் அதோடு விட்டிருக்கலாம். கொதிகலனின் அடுப்புக் கதவைத் திறந்து, அடுக்கியிருந்த சிராயையும் மட்டையையும் வெளியே எடுத்தார். உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவினார். சந்தனம் பூசினார். வாழையிலை விரித்துப் பொரி, கடலை, வெல்லம் வைத்தார்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"வருசம் பூரா கரியத் தின்ன வாய்டா. இன்னைக்கு ஒரு நாளாவது நல்லதா சாப்பிடட்டும்."

"மணி அடிச்சா?"

"மோட்டார் இருக்குல்ல?"

மோட்டார் இருந்தது. அண்ணன் வெளியே எடுத்துப் போட்ட சிராய், மட்டை எல்லாம் நன்றாக உலர்ந்தவை. அண்ணி பார்த்தார், பின்கட்டில் பொங்கல் பானையை ஏற்றி அதையே அடியில் வைத்து மூட்டிவிட்டார். அப்போது மணி அடித்தது. துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கு. மோட்டார் கிளம்பிப் போனது. நாங்கள் சுண்டலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். மணி மறுபடியும் அடித்தது. தேக்காவில் எருமைக் கொட்டகை. அத்தாப்பு ஓலைக் கூரை, உள்ளே மலைபோல் வைக்கோல், கட்டிப்போட்ட எருமைகள்.

காசிம் பாய் குதிரைகளைப் பூட்டினார். அண்ணன் அடுப்புக் கதவைத் திறந்தார். உள்ளே ஈரச் சந்தனமும் பொரியும். அவர் முகத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றார். பிறகு கரிவாரியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்.

"ஐயோ, பொங்கல் இப்பத்தான் பொங்குது! தொடாதீங்க!" என்று அண்ணி கத்தியது வாசல்வரை கேட்டது.

அண்ணன் பானைக்கு அடியிலிருந்து எரிகிற கொள்ளிகளை அப்படியே வாரிக்கொண்டு வந்து, வாழையிலை, பொரி, சந்தனம் எல்லாவற்றின் மேலும் கொட்டினார். பூசைத் தட்டில் இருந்த சூடம், நெய்க் கிண்ணம், புது விளக்குமாறு எல்லாம் உள்ளே போயின. வண்டி கிளம்பியது. மாலையைக் கழற்ற நேரமில்லை.

இப்போது சிராங்கூன் சாலையில் நிற்பவர்களின் கண்ணால் பாருங்கள். ஆயுத பூசை நாள். பெரிய சிவப்பு வாகனம் ஒன்று, உச்சி முதல் சக்கரம்வரை மாலை, நெற்றியில் சந்தனம், கணகணவென்று மணி, பின்னால் சூடமும் நெய்யும் வெல்லமும் கலந்த புகை. சாமி ஊர்வலம் வருகிறது என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்? கடைகளிலிருந்து ஜனங்கள் இறங்கினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தட்டும் சூடமுமாக ஓர் அம்மாள் நடுச்சாலையிலேயே வந்து நின்றுவிட்டார்.

காசிம் பாய் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார். "தள்ளுங்கம்மா! சாமி இல்ல, பொம்பா!"

"பாய், ஒரு சூடம் காட்டிட்டு விட்டுடறேன். கோவிச்சுக்காதீங்க."

"நான் ஏம்மா கோவிச்சுக்கறேன்? அங்க எருமை எரியுது!"

"எருமை வாகனமா? அப்ப எமதருமராஜாவா?" என்று அந்த அம்மாள் இன்னும் பயபக்தியோடு தட்டைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

காசிம் பாய் திரும்பிப் பின்னால் பார்த்தார். ஊதல் இன்னும் வரவில்லை. ஆவி ஏறவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"வைரம், இந்தம்மா காட்டட்டும். இன்னும் ரெண்டு பேரு தட்டோட வராங்க. அவங்களும் காட்டட்டும். கூட்டம் மறிச்சுதுன்னு துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். உனக்கு ஆவி ஏறிடும்."

அது பொய்கூட இல்லை. கூட்டம் மறித்துக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் சும்மா நின்றிருந்தால் போதும். வேலை இருக்கும், அறை இருக்கும், பெரியநாயகியும் இருப்பாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்தார், பிறகு கூரைகளுக்கு மேலே எழுந்த கரும்புகையைப் பார்த்தார்.

"மாடு கட்டிக் கிடக்கு பாய். யாரு அவுத்து விடுவா? நிக்காதீங்க, ஓட்டுங்க."

"வைரம்..."

"ஓட்டுங்க பாய்!"

நான் குதித்து இறங்கி அந்த அம்மாளைத் தட்டோடு தூக்கி ஓரத்தில் வைத்தேன். எனக்குத் திருநீறு பூசிவிட்டுத்தான் விட்டார்.

கொட்டகை வாசலில் பெரியநாயகி போய் நின்றபோது ஊதல் இல்லை. துரை முன்னமே தம் சாரட்டில் வந்து காத்திருந்தார். மாலையைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார். "மானா அபி?" என்று கேட்டார். தீ எங்கே என்று பொருள். சுற்றிலும் எரிகிற தீயை அவர் கேட்கவில்லை. அடுப்பில் இருக்க வேண்டிய தீயைக் கேட்டார்.

அண்ணன் பதில் சொல்ல நிற்கவில்லை. அடுப்பை அதன் போக்கில் விட்டுவிட்டுக் கொட்டகைக்குள் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கொட்டகைக்காரர் சின்னையா என்ற பால்காரர் ஏற்கெனவே உள்ளே இருந்தார். மூவருமாகக் கயிறுகளை அறுத்தோம். எருமைகள் எங்களை மிதித்துக்கொண்டு வெளியேறிக் கால்வாயில் இறங்கின. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு நான் வந்தேன். அது இழுக்காவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும். அப்போதுதான் ஊதல் அலறியது. காசிம் பாய் இழுத்திருந்தார். ஆவி! உறிஞ்சு குழாயைக் கால்வாயில் போட்டோம். பெரியநாயகி தண்ணீரைப் பீய்ச்சினாள். சின்னையாவின் கொட்டகை போயிற்று. அதற்கு அடுத்த வரிசை வீடுகள் தப்பின. ஓர் எருமைகூடச் சாகவில்லை.

மறுநாள் காலை துரை கூப்பிட்டனுப்பினார். காசிம் பாய் முந்திக்கொண்டு கூட்டம், குதிரை, லாடம் என்று மலாயில் அடுக்கினார். அண்ணன் அவரை நிறுத்தினார்.

"பாய், இருக்கறதச் சொல்லுங்க. அடுப்ப நான்தான் காலி பண்ணேன்னு சொல்லுங்க."

பாய் சொன்னார். துரை எழுந்து வந்து கொதிகலன் கதவைத் திறந்து பார்த்தார். ஓரத்தில் கருகாமல் கொஞ்சம் பொரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார். பிறகு, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெரியநாயகி ஜோகூர்ப் பக்கம் ஒரு மரவாடிக்கு விலைபோனாள். அவளை ஏற்றிக்கொண்டு போன நாளில் அண்ணன் கூடவே கொஞ்ச தூரம் நடந்துபோய், "அடியில சின்னது வைங்க, ஊதாதீங்க" என்று வாங்கிப்போனவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். துரை அவர் கையைக் குலுக்கினார் என்பதையும் எழுத வேண்டும். எங்களில் வேறு யாருக்கும் அவர் கை கொடுத்ததில்லை.

அறையைக் காலி செய்த அன்றே சின்னையா மாட்டு வண்டியோடு வந்து நின்றார். "அண்ணே, கொட்டகைப் பக்கத்துல ஒரு அறை போட்டிருக்கேன். பால் காய்ச்ச ஆளும் வேணும்." அதன்பிறகு வைரவன் அண்ணன் தேக்காவில் பால் அடுப்பு பார்த்தார். அவர் காய்ச்சிய பால் பொங்கி வழிந்ததே கிடையாது. அதைக் குடித்துத்தான் எனக்கு இந்த வயதிலும் எல்லாப் பற்களும் இருக்கின்றன, இரண்டைத் தவிர. காசிம் பாயும் நானும் மாலையில் போய் உட்காருவோம். அந்த ஆயுத பூசையைப் பற்றி நாங்கள் பேச்செடுத்தால், "அன்னைக்கு எனக்கு ஒரே வருத்தம் பொங்கல்தான். உங்க அண்ணி இன்னும் சொல்லிக்காட்டுறா" என்பார். வேறு எதற்கும் வருந்தி அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நெஞ்சுச் சளி கொஞ்ச நாளாக இருந்தது. ஒரு காலையில் பாலை இறக்கி வைத்துவிட்டுப் படுத்தவர் எழவில்லை.

அன்று நாங்கள் போனபோது அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்திருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்து, "என்ன தம்பி, மீசைய ஒரு பக்கம் மட்டும் செதுக்கியிருக்க?" என்றார். சொன்னேன். "அவரு இருந்தா நாலு நாளைக்குச் சிரிச்சிருப்பாரு" என்று சொல்லி மறுபடியும் அழுதார்.

சுடுகாட்டில் மழை பிடித்துக்கொண்டது. விறகு நனைந்துவிட்டது. அண்ணனுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய மருமகன் எத்தனை முறை வைத்தும் புகைந்ததே தவிரப் பற்றவில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் குனிந்து ஊதினார். ஒருவர் மண்ணெண்ணெய் வாங்கக் கிளம்பினார்.

ஓரமாகக் குடை பிடித்து நின்ற காசிம் பாய் அவரைத் தடுத்தார். "மண்ணெண்ணெய் ஊத்துனா வைரம் எழுந்து வந்து அடிப்பாரு லா. சும்மா இருங்க."

அந்நேரம் சின்னையாவின் வண்டி வந்தது. மேலே அத்தாப்புப் போர்த்தியிருந்தது. அதை விலக்கினால் வண்டி நிறைய வறட்டி, மழை படாமல், எலும்புபோல் உலர்ந்து. அன்றைக்கு அவிழ்த்து விட்ட எருமைகளும் அவற்றின் கன்றுகளும் போட்ட சாணத்தில் தட்டியவை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஈர விறகை எடுத்துவிட்டு மறுபடியும் அடுக்கினோம். அடியில் சின்னது. நடுவில் காற்று. மேலே பெரியது. மருமகன் ஒரு சூடத்தை வைத்தார். ஊதப் போனவரை நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

பற்றிக்கொண்டது.

காசிம் பாய் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு, ஓட்டுபவரின் இருக்கையிலிருந்து பின்படிக்குத் திரும்பிச் சொல்வதுபோல், சாதாரணமாகச் சொன்னார்:

"வைரம், நீ போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே ஆவி ஏறிடுச்சு. ஜெயிச்சுட்ட. தேத்தண்ணி நான் வாங்குறேன்."

போய் வாருங்கள் அண்ணா. வழியில் யாராவது சூடம் காட்டினால் இந்தத் தடவையாவது நின்று வாங்கிக்கொள்ளுங்கள். மாடுகளையெல்லாம் அவிழ்த்து விட்டாயிற்று.